சுண்ணாம்புச் சுவரும் கடற்கரை ஓதமும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை ஊன்றிப் பெய்யத் தொடங்கிய சில நாட்களுக்குள், புதுச்சேரியில் பெருங்கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் வீதிகளில் நூறாண்டைத் தாண்டி நிற்கும் பல வீடுகளில், கூடத்துச் சுவரின் அடிப்பாகம் இடுப்பளவு உயரத்துக்கு ஓதமேறிக் கறுத்திருப்பதையும், அந்தக் கறையின் மேல்விளிம்பில் வெள்ளை உப்பு பூத்துப் பூச்சுப் பொரிந்திருப்பதையும், கைவைத்த மாத்திரத்தில் அது மாவாக உதிர்வதையும் காணலாம். வீட்டுக்காரர் இதைக் கண்டு சகியாமல், கொத்தனாரை அழைத்து, பழைய பூச்சைக் கொத்தியெறிந்து, சிமெண்டுக் கலவை பூசி, மேலே பளபளக்கும் பெயிண்டையும் அடித்துவிடுகிறார். மறு மழைக்காலமோ அதற்கடுத்ததோ வரும்போது, இடுப்பளவில் நின்ற ஓதம் தோளளவுக்கு ஏறியிருக்கிறது. செலவழித்த பணமும் பட்ட பிரயாசையும் நோயை வளர்க்கவே பயன்பட்டன என்பது வருந்தத்தக்க உண்மை.

இதன் காரணத்தை அறிய, அச்சுவர் எவ்வாறு ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அக்காலத்து வீடுகள் மெல்லிய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, ஒன்றரை அடியும் அதற்கு மேலும் கனமுள்ள சுவர்களாக எழுப்பப்பட்டவை. மேல்தளமோ, தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலிருந்து கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. நீர் விட்டதும் அது கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசினால், இழந்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. இவ்விதம் உண்டாகும் கல்லில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் எண்ணிறந்தவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இடாத அச்சுவர்களில், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து நீர் மேலேறுவது இயல்பே. ஏறிய நீர் சுவரின் முகத்தினூடே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவதும் அவ்வாறே இயல்பு. நீர் ஏறும் வேகமும் உலரும் வேகமும் சமமாக இருக்கும் மட்டும் அந்த வீடு க்ஷேமமாக நிற்கிறது.

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் உரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டு, புதிய கட்டடங்களுக்கு உகந்த பொருள் என்பதில் ஐயமில்லை. எனினும், கடினமும் நெருக்கமும் அதன் சுபாவமாதலால், பழைய சுவரின்மேல் அதைப் பூசுங்கால் நீர் வெளியேறும் வாயில் அடைபடுகிறது. அடைபட்ட நீர் பூச்சின் எல்லையைக் கடந்து மேலே வழி தேடுகிறது. நிலத்திலிருந்து நீர் சுமந்துவரும் உப்புகளோடு, சிமெண்டில் உள்ள கரையும் உப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. கடலோர ஊருக்கு உரிய விசேஷத் துன்பம் ஒன்றும் இதில் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். காற்று உலர்ந்தால் மீண்டும் படிகமாகும். படிகம் வளரும்போது துளையின் சுவரை நெருக்கும் விசை செங்கல்லையே பொடியாக்கவல்லது. ஆதலால், உப்பேறிய சுவர், மழையே இல்லாத நாளிலும், கடற்காற்று வீசும் இரவில் ஈரமாகிக் காலையில் உலர்ந்து, ஒவ்வொரு தடவையும் சிறிது சிதைகிறது.

ஆகவே, கரணையைக் கையில் எடுக்குமுன் ஈரம் வரும் வழியைக் கண்டறிதல் இன்றியமையாதது. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் ஒட்டி இரண்டொரு நாள் விட்டுப் பாருங்கள்: தாளின் உட்புறத்தில் நீர் முத்திட்டால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருவது, வெளிப்புறத்தில் முத்திட்டால் அறையின் காற்றிலிருந்து படிவது. மேலிருந்து இறங்கும் கறைக்கு மாடியில் இலைதழை அடைத்த நீர்ப்போக்கியையும், நடுச்சுவரில் தோன்றும் கறைக்குக் குழாய்க் கசிவையும் ஐயுற வேண்டும். அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்குப் புதுச்சேரியில் மற்றொரு பிரபலமான காரணம் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு வீதி உயர்ந்துவிட, ஒரு காலத்தில் படியேறிச் செல்ல வேண்டியிருந்த திண்ணை தெருமட்டத்துக்குத் தாழ்ந்து, மழைநீர் சுவரடியில் தேங்குகிறது. இதை ஒரு குடும்பம் தனியாகத் தீர்த்துவிட முடியாது. நகராட்சி கவனித்தே தீரவேண்டிய காரியம்.

விரிசலையும் இவ்வாறே விசாரிக்க வேண்டும். மயிரிழைபோல் பூச்சில் மட்டும் ஓடுவது அபாயமற்றது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டுச் செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பின்பற்றி ஏறுவதோ, அடித்தளம் அமிழ்ந்ததற்கு அடையாளம். மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே இரு முனையும் சாந்தால் பதித்துத் தேதியை எழுதிவைத்தால், சுவர் இன்னும் நகர்கிறதெனில் கண்ணாடி உடைந்து அறிவித்துவிடும். நகர்வு நின்ற விரிசலைக் கீறி அகலப்படுத்தி, தூசு நீக்கி, நனைத்து, சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சுர்க்கிச் சாந்தை உள்ளே செலுத்தலாம். அகன்ற வெடிப்பானால், இருபுறமும் உடைந்த செங்கல்லை எடுத்துவிட்டு, முழுச் செங்கல்லைக் குறுக்கே கோத்துத் தைக்க வேண்டும். நகர்வு நிற்காத விரிசலுக்குக் கட்டடப் பொறியாளரின் ஆலோசனை அவசியம். இதில் அலட்சியம் தகாது. 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட கடற்கரைச் சாலை மேரிக் கட்டடம் என்னும் நகராட்சி மாளிகை, நெடுங்காலம் தக்க பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்நகரம் கண்டிருக்கிறது. அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பி 2021இல் திறக்க முடிந்தது. அரசுக்கு இயலும் அக்காரியம் சாமான்யக் குடும்பத்துக்கு இயலாது.

பாரம்பரியக் கட்டடங்களைப் பேணுவதற்கென 1984 முதல் இங்கே பணிபுரியும் இன்டாக் நிறுவனமும், பின்னர் பிரான்சின் வில்நவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களோடு புதுச்சேரி நகராட்சி சேர்ந்து நடத்திய ஆசியா உர்ப்ஸ் திட்டமும், வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளுக்குப் புத்துயிர் அளித்தன. மகத்தான பணி அது. ஆயினும் முகப்புக்கு உள்ளே உள்ள சுவர் வீட்டுக்காரரின் பொறுப்பாகவே இருக்கிறது.

அவர் செய்யவேண்டியது இதுதான். ஓதக்கறைக்கு மேல் ஒன்றிரண்டு அடி வரை சிமெண்டுப் பூச்சை நீக்கி, வெளிவந்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கியெடுத்து வீட்டுக்கு வெளியே கொட்ட வேண்டும்; கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் புகும். பின்பு சுவரை உலரவிட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களிடையே வழங்கும் உத்தேசக் கணக்கு. ஆதலின் இதற்குப் பொறுமை வேண்டும். உப்பு மிகுந்த இடத்தில் காகிதக் கூழையோ களிமண்ணையோ நனைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பு அதனோடு வந்துவிடும். அதன்பின், நன்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும், உப்பில்லாத ஆற்றுமணல் இரண்டரை அல்லது மூன்று பங்கும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தை, நனைத்த சுவரில் இரண்டு மூன்று கையாகப் பூச வேண்டும். முதற்கை இறுகுமுன் அடுத்த கை பூசலாகாது. ஒவ்வொரு கையையும் சில நாள் நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருத்தல் அவசியம், ஏனெனில் முற்றும் வறண்ட சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்பதில்லை. உப்பு மீண்டும் வந்தால் இப்பூச்சே அதை ஏந்தி உதிரும், செங்கல் தப்பும், சில ஆண்டுகளுக்கொருமுறை உதிர்ந்த இடத்தை மாத்திரம் பூசினால் போதும்.

தை பிறந்து மழை ஓய்ந்தபின் பூச்சை நீக்கிச் சுவரை உலரவிட்டு, அது நன்கு உலர்ந்த ஆண்டின் ஆவணிக்குள் பூச்சை முடித்துவிடுவது உத்தமம். பூச்சு ஆறியதும் பிளாஸ்டிக் பெயிண்டை நாடாமல், வடிகட்டிய சுண்ணாம்பு வெள்ளையை நீர்க்கக் கரைத்து மூன்று கை அடிக்க வேண்டும். அடித்த அன்று திட்டுத்திட்டாக மங்கித் தெரிந்தால் கவலை வேண்டா. உலர உலர வெள்ளை வெளுத்துவிடும்.