மலக்குழி மரணமும் முதலாளியின் கணக்கேடும்

பணியிடப் பாதுகாப்புக்குச் செலவிடும் பணம் இலாபமாகத் திரும்பி வரும் என்று மேலாண்மைப் பாடநூல்கள் கூறுகின்றன. அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று அல்கோவா. 1987இல் அந்த அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற பால் ஓநீல், முதலீட்டாளர்கள் முன் ஆற்றிய முதல் உரையில் இலாபத்தை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் திகைத்தனர். பின்வந்த ஆண்டுகளில் விபத்துகள் குறைந்தன. இலாபமோ பல மடங்கு உயர்ந்தது.

கதை உண்மைதான். அது பலித்ததற்கான காரணத்தை மட்டும் பாடநூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. அல்கோவாவில் காயம்பட்டவர் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருந்தார். அவர் விழுந்தால் உற்பத்தி தடைப்பட்டது. மருத்துவச் செலவும் இழப்பீடும் நிறுவனத்தின் தலையில் விழுந்தன. தொழிற்சங்கம் கேள்வி கேட்டது. விபத்தின் விலை முதலாளியின் கணக்கேட்டில் பதிவானது.

தியாகராய நகரின் ஓர் உணவகத்தையோ அடையாற்றின் ஓர் அடுக்ககத்தையோ இதே கணக்கில் வைத்துப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தாலும், பெரிய கட்டடங்கள் பலவற்றில் கழிவுநீர் முதலில் தொட்டியில் தேங்குகிறது. அடியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் கசடும் காற்றின்றி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. காற்றைவிடக் கனமான இந்த வாயு அடியிலேயே தங்கும். சிறிதளவு இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை எட்டினாலோ மூக்கு மரத்துப் போகும். நாற்றம் அடங்கியதைக் கண்டு ஆபத்து விலகிவிட்டதாக எண்ணி இறங்குவோர் உண்டு. செறிவு 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். காப்பாற்ற இறங்குபவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். 2019 நவம்பரில், மயிலாப்பூருக்கு அடுத்துள்ள இராயப்பேட்டையின் வணிக வளாகம் ஒன்றில், தொட்டிக்குள் மயங்கிய தம் உடன்பிறந்தவரைக் காக்க இறங்கிய இளைஞர் உயிரிழந்தார்.

இத்தகைய மரணத்தால் வணிகத்திற்கு என்ன இழப்பு? பெரும்பாலும் எதுவுமில்லை. இறந்தவர் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர். ஊதியப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. மறுநாள் கடை திறக்கும். உறிஞ்சு லாரிக்குச் சில ஆயிரம் ரூபாய் தருவதைவிட ஓர் ஆளை இறக்குவது மலிவு என்று ஒருவர் கணக்கிடுகிறார் என்றால், அந்த மலிவுக்குப் பெயர் சாதி. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரசே நாடாளுமன்றத்தில் அளித்த தரவுகளின்படி, 1993 முதல் இத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 200ஐக் கடந்துவிட்டது.

ஆகவே, முதலாளியின் மனச்சான்றை நோக்கி “பாதுகாப்பு இலாபம் தரும்” என்று சொல்வதால் இங்கே பயனில்லை. மரணத்தின் விலையை அவர் கணக்கில் ஏற்ற வேண்டும். அதற்கான கருவிகள் சட்டத்தில் உள்ளன. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அபாயகரமான சுத்திகரிப்பில் எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ‘மறைமுகமாக’ என்ற ஒரு சொல் போதும், ஒப்பந்தக்காரரின் பின்னால் கட்டட உரிமையாளர் ஒளிந்துகொள்ள முடியாது. முதல் குற்றத்திற்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சமாக நிர்ணயித்த இழப்பீடு, 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒப்பந்தப் பணியில் மரணம் நேர்ந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்துசெய்து பணப்பொறுப்பும் சுமத்தும் வகையில் விதிமுறைகள் வகுக்குமாறும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும் என்ற ஆணை 2025 சனவரி 29இல் வந்தது.

சிக்கல் வசூலில் இருக்கிறது. இழப்பீட்டை உறுதிசெய்யும் கடமை அரசுகளுக்கு உண்டு. தனியார் கட்டடத்தில் நேர்ந்த மரணத்திற்கு அரசு பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்பப் பெறாமல் விட்டால் அவருடைய கணக்கு துளியும் மாறாது. மக்களின் வரிப்பணம் அவருக்குக் காப்பீடாகிவிடும். எனவே போராட்டக் களத்தில் இழப்பீட்டுத் தொகையைக் கேட்பதோடு, அதை யார் தந்தார், முதல் தகவல் அறிக்கையில் உரிமையாளர் பெயர் உள்ளதா, 2013ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் கேட்டாக வேண்டும். மாணவர்கள் இதைத் தங்கள் கல்லூரி விடுதியிலிருந்தே தொடங்கலாம்: தொட்டியைத் துப்புரவு செய்ய யாருடன் ஒப்பந்தம், எந்த இயந்திரம்?

இயந்திரம் இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐஐடியில், கெட்டிப்பட்ட கசடைச் சுழலும் தகடுகளால் கரைத்து உறிஞ்சும் ‘ஹோமோசெப்’ எந்திரம் உருவாக்கப்பட்டது. சஃபாய் கர்மசாரி அந்தோலன் அமைப்பின் துணையோடு, முதலில் தயாரானவை மகளிர் தலைமையிலான தன்னுதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. அப்பெண்கள் இதே தொழிலில் கணவரை இழந்தவர்கள். அவர்களுக்கு வேலை ஆணை தர வேண்டியவை இந்த உணவகங்களும் அடுக்ககங்களும்தாம்.