நேற்றைய மாடும் இன்றைய மாடும்

புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடுகிற இடத்தை ஒட்டி தேங்காய்த்திட்டு என்றொரு ஊர் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம், வரிசையாகப் படகுகள், சேற்றில் கால் ஊன்றி நிற்கும் அலையாத்திச் செடிகள். இவற்றுக்கு நடுவே மாடுகளும் மேய்கின்றன. வேலி கிடையாது. இப்படிப்பட்ட ஊர்களில் காலையில் பால் கறந்து கயிற்றை அவிழ்த்துவிட்டால் மாடு தானாகவே மேய்ச்சலுக்குப் போகும், பொழுது சாய்ந்தால் தானாகவே வீட்டு வாசலில் வந்து நிற்கும். நாள் முழுக்க யாரும் பின்னாலேயே நடப்பதில்லை.

அந்த மாட்டுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? அது வாய் திறந்து சொல்லாது. சொல்லாமல் இருப்பதோடு நிற்காது, மறைக்கவும் செய்யும். மாட்டின் காட்டு மூதாதைகளைப் புலியும் ஓநாயும் வேட்டையாடின. கூட்டத்தில் எது நொண்டுகிறது, எது பின்தங்குகிறது என்றுதான் வேட்டை விலங்கு முதலில் பார்க்கும். வலியைக் காட்டிக்கொண்ட மாடு பிழைக்கவில்லை, மறைத்த மாடு கன்று ஈன்று வாழ்ந்தது. திமில் உள்ள நம் மாடுகளைச் சிந்துவெளிப் பக்கத்து மக்கள் வளர்க்கத் தொடங்கி ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் ஆகின்றன. தேங்காய்த்திட்டில் புலி இல்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் மாட்டை விட்டுப் போகவில்லை.

அதனால் மாட்டின் நோய் சின்னச் சின்னக் குறிகளாகத்தான் வெளியே வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தினமும் பார்ப்பது. ஒரு மாட்டை முதல்முறை பார்க்கிறவருக்கு அது வெறும் மாடு. தினமும் பார்க்கிற மாட்டுக்கார ஆயாவுக்கோ, "நேத்து இப்பிடி நிக்கலியே இது" என்று சட்டெனத் தோன்றிவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் அறிவியலைத்தான் நாம் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதல் வேலை, எண்ணுவது. எத்தனை போயின, எத்தனை இருக்கின்றன? அடுத்தது, தள்ளி நின்று கூட்டம் முழுவதையும் பார்ப்பது. மாடுகள் பெரும்பாலும் சேர்ந்தே மேயும், சேர்ந்தே படுக்கும். மற்றவை மேயும்போது ஒன்று மட்டும் தலையைத் தொங்கவிட்டுத் தனியாக நின்றால் அதை நோக்கி நடக்க வேண்டும். எப்படி நடப்பது என்பதும் முக்கியம். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், அதற்கு ஏறக்குறைய 330 பாகை சுற்றளவு தெரியும். தெரியாத இடம் நேர் பின்பக்கம். அங்கிருந்து வந்தால் மிரண்டு உதைக்கும். பக்கவாட்டில், மெதுவாக, குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும்.

போனதும் முதலில் பார்க்க வேண்டியது வாயை. அசைபோடுகிறதா? நலமாக உள்ள மாடு ஒரு நாளில் ஏழு, எட்டு மணி நேரம் அசைபோடும். விழுங்கிய புல் ஓர் உருண்டையாகத் தொண்டை வழியே மேலே ஏறி வருவதைக் கழுத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அதை 40 முதல் 70 தடவை மென்று மறுபடி விழுங்கும். சில நொடி அமைதி. பிறகு அடுத்த உருண்டை. காய்ச்சலோ வலியோ வந்தால் மாடு முதலில் குறைத்துக்கொள்வது இந்த வேலையைத்தான்.

அசைபோடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால் மாட்டின் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். அவற்றில் பெரியது, நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது, இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிரிகள். புல்லில் உள்ள நார்ப்பொருளை மாட்டால் தானாகச் செரிக்க முடியாது, இந்த நுண்ணுயிரிகள்தான் அதை உடைத்துத் தருகின்றன. வீட்டில் இட்லி மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குகிறதே, அதுபோல மாட்டின் வயிற்றில் பகலும் இரவும் புளிப்பு நடந்துகொண்டே இருக்கிறது. புளித்தால் வாயு உண்டாகும். மாடு அதை ஏப்பமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

ஏப்பம் நின்றுவிட்டால்? வாயு உள்ளேயே தேங்கி இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிடும். இதுதான் வயிற்று உப்புசம். உப்பிய வயிறு நுரையீரலை நெருக்கும், மாடு மூச்சுத் திணறும். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். காலையில் பார்க்காமல் விட்டதை மாலையில் சரிசெய்ய முடியாமல் போகிற நோய் இது. இதற்கு எதிர்மாறான குறியும் உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடப்பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் மாலையிலும் ஆழமாகக் குழிந்திருந்தால் மாடு அன்று சரியாகத் தின்னவில்லை என்று பொருள். கால்நடை மருத்துவர் அங்கே கைமுட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நலமான மாட்டின் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து கையைத் தள்ளும்.

மூக்கைப் பாருங்கள். நலமான மாட்டின் மூக்கில் எப்போதும் பனித்துளி மாதிரி ஈரம் இருக்கும். அந்தத் தோலில் உள்ள சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் மூக்கு உலர்ந்துவிடும். ஆனால் மாட்டைத் தொட்டுப் பார்த்து, "சுடுகிறதே!" என்று பயந்துவிடக் கூடாது. நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் 101 டிகிரி ஃபாரன்ஹீட் மாட்டுக்கு இயல்பான சூடு. காதின் அடிப்பக்கமும் ஒரு தகவல் சொல்லும். கன்று ஈன்ற ஒன்றிரண்டு நாளில் பால் சுரப்பதற்குக் கால்சியம் போய் இரத்தத்தில் அது மிகவும் குறைந்துவிடுவதால், சில பசுக்கள் எழ முடியாமல் படுத்துவிடும். அப்போது காது சில்லிட்டிருக்கும்.

மூச்சை எண்ணுவது எல்லாவற்றையும்விட எளிது. விலாவுக்குப் பின்னால் வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஓய்வாகப் படுத்திருக்கும் மாடு நிமிடத்துக்கு 15 முதல் 35 வரை மூச்சு விடும். சித்திரை வெயிலில் இது கூடும். ஆனால் நிழலில் படுத்த பிறகும் குறையவில்லை, வாயைத் திறந்து நாக்கை நீட்டி இரைக்கிறது என்றால் அது ஆபத்து.

நடையைப் பார்க்கும்போது காலை மட்டும் பார்த்தால் போதாது, தலையையும் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும் நேரத்தில் மாடு தலையை மேலே தூக்கும். பாரத்தைக் குறைக்க அது செய்யும் தந்திரம் அது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகி, குளம்புக் கவட்டில் புண்ணும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். அது ஒரு வைரஸ் நோய், காட்டுத்தீ வேகத்தில் ஒரு மாட்டிலிருந்து மந்தை முழுவதற்கும் பரவும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நாடு முழுவதும் மாடுகளுக்கு இந்த நோய்க்கு எதிராகத் தடுப்பூசி போடுகிறார்கள். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள 12 இலக்க எண் அந்த மாட்டுக்கு மட்டுமே உரியது. எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதை அந்த எண்ணில் பதிவு செய்கிறார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊர் மாட்டுக்கும் பொருந்தும். கழிமுக ஊரில் மேயும் மாட்டுக்கு இன்னும் சில கவலைகள் உண்டு.

ஒன்று, தண்ணீர். கண்ணெதிரே ஆறு விரிந்து கிடக்கிறது, ஆனால் அது உவர்நீர். அலையாத்தி வகையான வெண்கண்டல் தன் வேரில் ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றும், இலைமேல் உப்புத்தூள் படிந்திருப்பதைக் காணலாம். மாடுகள் அந்த இலைகளையும் கடிக்கும். உடம்பில் சேர்ந்த உப்பைச் சிறுநீரில் வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். கோடையில் ஒரு மாடு குடம் குடமாகக் குடிக்கும். அதனால் இங்கே வீட்டு வாசலில் தொட்டியில் நிறைந்திருக்கும் நல்ல தண்ணீரும் மருத்துவத்தில் சேர்ந்ததுதான். (மாடு கடிப்பதால் அலையாத்தியின் இளங்கன்றுகள் அழிந்துபோகின்றன என்பதும் உண்மை. கரையைக் காக்கும் அந்தச் செடிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். புதிதாக நட்ட இடத்தில் மாட்டை விடாமல் இருப்பதே நல்லது.)

இன்னொன்று, குப்பை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கெட்டியான ஈறு மட்டுமே உண்டு. அது புல்லை நாக்கால் சுற்றி வளைத்து, கீழ்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து இழுத்து அறுக்கிறது. பிறகு அதிகம் மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. மெல்லுவதைத்தான் பிறகு அசைபோடும்போது பார்த்துக்கொள்ளலாமே! ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், மாட்டால் அப்படிப் பிரிக்க முடியாது. புல்லோடு ஆணி, கம்பித் துண்டு, நைலான் நூல், சோற்று வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் பை எல்லாம் உள்ளே போய்விடும்.

கனமான ஆணி வயிற்றின் இரண்டாவது அறையில் போய் விழும். உள்சுவர் முழுக்க அறுகோணக் கட்டங்கள் உள்ள சின்ன அறை அது. அதற்கு முன்னால் உதரவிதானம் என்கிற மெல்லிய தசைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இதயம். அந்த அறை சுருங்கும் ஒவ்வொரு முறையும் ஆணியின் முனை முன்னோக்கி நகரலாம். அப்படிக் குத்துப்பட்ட மாடு முதுகை வளைத்து நிற்கும், முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் அகற்றி வைக்கும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தத் தயக்கம் தெரிந்துவிடும். சில நாடுகளில் முன்னெச்சரிக்கையாக விரல் அளவு காந்தம் ஒன்றை மாட்டை விழுங்கச் செய்கிறார்கள். அது அந்த அறையிலேயே தங்கி, வரும் ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பிளாஸ்டிக்குக்குக் காந்தம் உதவாது. அது செரிக்காது, வெளியேயும் போகாது, பையோடு பை பின்னிப் பந்தாகிவிடும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். சிறு பிள்ளைகள் இரண்டு பேரின் எடை அது. அந்தப் பசு அவ்வளவையும் சுமந்துகொண்டு நடந்திருக்கிறது, வலியை மறைத்துக்கொண்டு. அந்தப் பைகளில் ஒன்றைக்கூட அது கடையில் வாங்கவில்லை. நாம் கட்டி எறிந்தவை அவை.

தினமும் மாட்டைப் பார்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்கிறார்கள். அங்கே மாடுகளைப் பார்க்கிறவர்கள் அவற்றை மயிலை, செவலை, காரி என்று நிறத்தால் அழைப்பார்கள். இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் என்ற புதர்வெளியில் மாடுகளும் மட்டக் குதிரைகளும் அவிழ்த்துவிட்டபடியே மேய்கின்றன. அவற்றைக் கண்காணிக்க அஜிஸ்டர் என்ற ஊழியர்கள் குதிரையிலேறிச் சுற்றி வருகிறார்கள். மட்டக் குதிரை எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று அதன் வாலில் முடியை வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த நாட்டின் வேறு பல மேய்ச்சல் வெளிகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் முறை வைத்துத் தினமும் வந்து பார்க்கிறார்கள்.

இப்போது மாட்டின் கழுத்தில் மாட்டும் மின்னணுப் பட்டையும் வந்துவிட்டது. அசைபோடும்போது ஏற்படும் அசைவையோ ஒலியையோ பதிவுசெய்து, ஒரு நாளில் எத்தனை நிமிடம் அசைபோட்டது என்று கணக்கிடுகிறது. அந்த எண்ணிக்கையை அதே மாட்டின் முந்தைய நாட்களின் சராசரியோடு ஒப்பிட்டு, குறைந்தால் உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஊரிலுள்ள எல்லா மாடுகளின் சராசரியோடு ஒப்பிட்டால் பயன் குறைவு என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "நேத்து இப்பிடி நிக்கலியே" என்று ஆயா சொல்வதும் இதே கணக்குதான். அவரிடம் பட்டை இல்லை, கண் இருக்கிறது. அந்தக் கண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் தெருவில் மாடு இருந்தால் நீங்களும் பழகலாம். ஒரு நோட்டில் அந்த மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படுத்து அசைபோடும் நேரமாகப் பார்த்து, ஓர் உருண்டைக்கு எத்தனை மெல்லல் என்று எண்ணுங்கள். ஐந்து உருண்டைகளுக்கு எண்ணிச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இடப்பக்கப் பள்ளம் நிறைந்திருக்கிறதா, மூக்கில் ஈரம் உண்டா என்று எழுதுங்கள். சில நாள் எழுதினால் அந்த மாட்டின் வழக்கம் உங்களுக்குப் பிடிபடும். எண் திடீரென்று மாறினால் மாட்டுக்காரரிடம் உடனே சொல்லுங்கள். புதுச்சேரியில் குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். எண்ணும்போது இரண்டு ஆள் நீளம் தள்ளி, மாட்டின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். பால்குடிக் கன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் தள்ளி உட்காருங்கள்.