ரெண்டு லைன் இருந்தும் ‘சர்வர் டவுன்’ ஆவது ஏன்?

“சர்வர் டவுன், நாளைக்கு வாங்க.” சாதிச் சான்றிதழுக்காகக் கல்வராயன்மலையிலிருந்து கீழே இறங்கி வருபவருக்கு இந்த ஒரு வரியின் விலை, பஸ் காசும் ஒரு நாள் கூலியும். ஆனால், பல நேரங்களில் சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எங்கோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அறுந்திருப்பது அதற்குப் போகும் வழி.

தனி இணைப்பு என்றால் என்ன?

வீட்டு பிராட்பேண்ட் எல்லோரும் போகும் பொதுச்சாலை மாதிரி. வங்கிகள், மருத்துவமனைகள், ஐ.டி. நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து கிளவுட் வரை தனிப்பாதையே வாங்கிக்கொள்கின்றன. அமேசானில் இதற்கு டைரக்ட் கனெக்ட், மைக்ரோசாஃப்ட்டில் எக்ஸ்பிரஸ்ரூட் என்று பெயர். தமிழக அரசும் ‘டான்ஸ்வான்’ என்ற தனி நெட்வொர்க்கில் மாவட்ட, தாலுகா அலுவலகங்களை இணைத்திருக்கிறது. வேகம் சீராக இருக்கும், பாதுகாப்பும் அதிகம். ஆனால், தனிப்பாதை என்பதாலேயே அது அறுந்துபோகாது என்று அர்த்தமில்லை.

ரெண்டு லைன் வாங்கியாச்சே, போதாதா?

ரெண்டும் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. வேறு வேறு கம்பெனி பில் கொடுத்தாலும், கேபிள்கள் ஒரே பள்ளத்தில் கிடக்கலாம். பொக்லைன் ஒரே வெட்டில் ரெண்டையும் எடுத்துவிடும்.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். கிழக்கே போனால் விழுப்புரம் வழியாகச் சென்னை. மேற்கே போனால் சேலம் வழியாக பெங்களூரு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை - திருச்சி சாலையே வெள்ளத்தில் மூழ்கியது. அப்படியொரு நாளில் ரெண்டு லைனும் கிழக்கே போனால் ஒன்று இருப்பதும் ரெண்டு இருப்பதும் ஒன்றுதான். ஒன்றை மேற்கே திருப்பியிருந்தால் வேலை நடக்கும்.

ஒரு ‘9’ எவ்வளவு பெறும்?

இரண்டு வெவ்வேறு மையங்களில் ஒவ்வொரு இணைப்பு இருந்தால் அமேசான் தரும் உறுதி 99.9%. ஒவ்வொரு மையத்திலும் தனித்தனிக் கருவிகளில் இரண்டிரண்டு இணைப்பு என்றால் 99.99%. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முன்னதில் சுமார் 8 மணி 45 நிமிடம் லைன் போகலாம். பின்னதில் சுமார் 53 நிமிடம்தான்.

அதுவும் முழுக் கவசம் அல்ல. 2021 செப்டம்பர் 2-ம் தேதி டோக்கியோவில் அமேசானின் டைரக்ட் கனெக்ட் சுமார் 6 மணி நேரம் தடுமாறியது. பழுது, இணைப்புகள் எல்லாம் கடந்துபோகும் உள் அடுக்கில் இருந்தது. பொது இணையம் வழியாகச் செல்லும் வி.பி.என். அப்போதும் வேலை செய்தது. விலை குறைந்த அந்த மூன்றாவது வழியை மாற்றாக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

மலைக்கு என்ன வழி?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஒரே கேபிள் ஏறினால், ஒரு மரம் சாய்ந்தாலே மேலே எல்லாம் இருட்டு. அதே கேபிள் கருமந்துறை பக்கமாகச் சேலம் மாவட்டத்தில் இறங்கினால் அது வளையம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரும். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டமும், ஊராட்சி இணைப்புகளை நேர்க்கோட்டிலிருந்து இந்த வளைய முறைக்கு மாற்றச் சொல்கிறது.

லைன் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* ரெண்டு கேபிளும் போகும் வழியை மேப்பில் காட்ட முடியுமா?

* ஒன்று போனால், மற்றொன்று முழு லோடையும் தாங்குமா? ரெண்டும் 70% நிரம்பி ஓடினால் தாங்காது.

* எத்தனை நொடியில் மாறும்? சாதாரண பி.ஜி.பி. அமைப்பில் 90 நொடி வரை ஆகலாம், பி.எஃப்.டி. வசதியை ஆன் செய்தால் ஒரு நொடிக்குள் கண்டுபிடித்துவிடும்.

* கடைசியாக எப்போது ஒரு லைனை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தீர்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால், மாற்று வழி பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது.