நாடித் துடிப்பும் கலோரிக் கணக்கும்

நம் புனேவில் விடியற்காலையில் பார்வதி மலையின் 103 படிகளை ஏறி இறங்கும் தமிழர்கள் உண்டு. முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கு 300 கலோரி போச்சு!" என்று மகிழ்வார்கள். அந்த எண் எப்படி வருகிறது?

கடிகாரம் கலோரியை நேராக அளப்பதில்லை. நாடித் துடிப்பை எண்ணுகிறது. உழைக்கும் தசைக்குப் பிராணவாயு வேண்டும்; அதைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. உடல் ஒரு லிட்டர் பிராணவாயுவைச் செலவிட்டால் ஏறத்தாழ 5 கலோரி எரியும். ஆகவே துடிப்போடு வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சூத்திரம் போட்டார்கள். 2005இல் வெளியாகிப் பரவலாக வழங்கும் ஒரு சூத்திரம், வழக்கமாக உடற்பயிற்சி செய்யும் 18 முதல் 45 வயதினரைச் சோதித்து வகுத்தது.

அறுபதைத் தாண்டிய நமக்கு அது குத்துமதிப்புதான். பயம், காய்ச்சல், வெயில், காப்பி எல்லாமே துடிப்பை ஏற்றும். கலோரி அந்த அளவுக்கு எரியாது. மாறாக, பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை அடக்கும். கணக்கும் குறைந்து காட்டும். அம்மாத்திரை சாப்பிடும் என் நண்பர் ஒருவர், "எண்ணு ஏறலையே" என்று படிகளில் ஓடி, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

வியாபாரியாகச் சொல்கிறேன்: இது எஸ்டிமேட், பில் அல்ல. இதை நம்பி இன்னொரு வடாபாவ் சாப்பிடாதீர்கள். பேச்சுத் துணையோடு, மூச்சு முட்டாமல் ஏறுங்கள். அதே மருந்து, அதே படி, அதே வேகம். போன மாதத்தைவிடத் துடிப்பு குறைந்திருந்தால், அதுதான் லாபம்.