உங்களுக்குத் தெரியுமா? கைப்பிடியில் தெரியும் இதய நலம்

இதய நோயால் உயிராபத்து யாருக்கு அதிகம் என்று கணிப்பதில், ரத்த அழுத்தத்தின் மேல் அளவை விடக் கைப்பிடி வலு துல்லியமாக இருந்திருக்கிறது!

● இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைச் சில ஆண்டுகள் கவனித்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு இது. 2015இல் 'லான்செட்' இதழில் வெளியானது. பிடிவலு 5 கிலோ குறைந்தால், இதய, ரத்தநாள நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் கூடியிருந்தது. கைப்பிடி வலு என்பது மொத்த உடல் வலுவின் அடையாளம் மட்டுமே. அதனால் கால், இடுப்பு, முதுகுக்கும் வேலை வேண்டும்.

● வலுவைக் காட்ட இளவட்டக்கல் தூக்கிய தெற்கத்தி மண் இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல்காட்டில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்ட சம்சாரிக்கு இனி நடை மட்டும் போதும் என்று நினைக்கிறோம். போதாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

● ஜிம் வேண்டியதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழலாம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கலாம். சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்கார்வதுபோல் முழங்காலை மடக்கி அசையாமல் இருப்பது போன்ற பயிற்சிகள் ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைப்பதாக, 270 ஆய்வுகளை அலசிய 2023ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது.

● மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்காதீர்கள். அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும். நெஞ்சுவலி, ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்குங்கள்.