அச்சாகும் எண்ணும் உள்ளிருக்கும் எண்ணும்: மலையகத் தரவுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கணினியில் ஒரு பெறுமானம் சேமிக்கப்படுவதும் அது தாளில் அச்சாவதும் வெவ்வேறு செயல்களாகும். இவ்வேறுபாடு உணரப்படாவிடின், சரியாகக் கணிக்கப்பட்ட எண்ணும் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். 1990களில் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் ஆகியோர் உருவாக்கிய 'ஆர்' என்னும் புள்ளிவிபர மொழியில் இது நிகழுமாற்றை ஈண்டு நோக்குவோம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றோராக்கப்பட்ட 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டக் குடும்பங்களும் இவ்வெண்களுள் அடங்குவன. முதல் மூன்று பங்குகளையும் ஒருசேர அச்சிடின் ஆர் அவற்றை முழுமையாகவே காட்டும். 300000 என்பதைத் தனியே தட்டெழுதி அச்சிடினோ, மூன்றைப் பத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்குக எனப் பொருள்படும் விஞ்ஞானமுறைக் குறிப்பீடே தோன்றும். அவ்வடிவம் ஐந்து எழுத்திடங்களிலும் வழக்கமான வடிவம் ஆறு இடங்களிலும் அமைவதால், குறுகியதை மொழி தெரிகின்றது. 'சைபென்' என்னும் அமைப்பின் பெறுமானத்தை உயர்த்தின் வழக்கமான வடிவத்தைப் பெறலாம்.

அடுத்து 'டிஜிற்ஸ்' என்னும் அமைப்பு. இது பொதுவாக ஏழு பொருளுடை இலக்கங்களைக் காட்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 20,359,439 பேருள் 839,504 பேர் இந்தியத் தமிழராகப் பதிவாயினர். இதன் சதவீதம் 4.123414 என அச்சாகும். டிஜிற்ஸை 2 ஆக்கின் 4.1 என அச்சாகும். உள்ளிருக்கும் பெறுமானமோ மாறுவதில்லை. 'ரவுண்ட்' கட்டளையின் விளைவு வேறு. அது மட்டந்தட்டிய புதிய எண்ணையே தருகின்றது. 'போர்மற்' கட்டளை எண்ணை எழுத்துக்கோவையாக்குவதால் அதனைக் கொண்டு மேலும் கணித்தல் இயலாது. ஆகவே கணிப்பு முதலிலும் ஒப்பனை இறுதியிலும் அமைதல் வேண்டும்.

சப்ரகமுவவில் இது வெறும் ஒப்பனைப் பிரச்சினையன்று. 2012இல் இரத்தினபுரி மாவட்டத்தில் 1,088,007 பேரும் கேகாலை மாவட்டத்தில் 840,648 பேரும் வாழ்ந்தனர். இத்தொகையினரிடையே தோட்ட மக்கள் சிதறி வாழ்கின்றனர். ஒரு பிரிவில் 100,000 பேருள் 400 பேர் அம்மக்களெனக் கொள்வோம். அவர்தம் பங்கு 0.4 சதவீதம், முழுவெண்ணாக மட்டந்தட்டின் 0. 'எவருமில்லை' என்றே வாசகர் அதனைக் கொள்வர். தமிழ்மொழிப் பாடசாலைக்கோ அலுவலகச் சேவைக்கோ அவ்வட்டவணை சான்றாகுமாயின், நானூறு பேரின் தேவை கணக்கில் வராது போகும்.

எனவே சதவீதத்துடன் எண்ணிக்கையையும் தருதலும், எத்தனை தசமதானத்துக்கு மட்டந்தட்டப்பட்டதென அட்டவணையின் கீழ்க் குறித்தலும் ஆய்வாளரின் கடமையாகும். அச்சு வடிவத்தை மொழியின் இயல்புநிலைக்கே விட்டுவிடுதலும் ஒரு தெரிவே. அதற்கும் நாமே பொறுப்பாளிகள்.