சொல் போர்ச்சுகீசு, கட்டு தமிழ்

ரஷ்யாவிலும் இலங்கையிலும் வணிகமும் குடியேற்றமும் கல்யாண உறவும் சேர்ந்து கலப்பு மொழிகளைப் பெற்றெடுத்தன. ஒன்று முடிந்துவிட்டது. மற்றதன் உடம்பில் பாதி நம்முடையது.

முடிந்துபோனது மெட்னி அலூட். கடல்நாய்த் தோலுக்காக 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி அலூட் மக்களைப் பசிபிக் ஓரத்து மெட்னித் தீவில் குடியேற்றியது. ரஷ்ய ஆண்களுக்கும் அலூட் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அலூட் வேர்ச்சொல்லோடு ரஷ்ய வினை விகுதியை ஒட்டிப் பேசினார்கள். 'பேசு', 'நட' ஆகியவற்றைத் தமிழாகவே வைத்துக்கொண்டு, '-கிறேன்' வரும் இடத்தில் வேறொரு மொழியின் விகுதியைப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. 1970 வாக்கில் சோவியத் நிர்வாகம் தீவைக் காலிசெய்து மக்களைப் பக்கத்து பேரிங் தீவுக்கு மாற்றியது. ஊர் போனபின் மொழியும் மெல்லத் தேய்ந்து முடிந்தது.

இன்னும் உயிரோடிருப்பது இலங்கையின் மட்டக்களப்பில் வாழும் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் போர்ச்சுகீசு. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்ச்சுகீசியர் பத்தே ஆண்டில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் பேச்சு போகவில்லை. ஒல்லாந்தர் வீடுகளிலேயே அது புழங்கியது. ஆங்கிலேயர் காலத்தில் வெஸ்லியன் மிஷனரிகள் அதில் பிரசங்கம் செய்தார்கள். 1819இல் கொழும்பில் அதற்கு அகராதியே அச்சானது. பிறகு கொழும்புப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தச்சு வேலை, கொல்லு வேலை, தையல் என்று வாழ்ந்த குடும்பங்கள் அதை விடவில்லை.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது இதன் வாக்கியத்தை. சொற்கள் ஏறக்குறைய எல்லாமே போர்ச்சுகீசு. ஆனால் லிஸ்பனில் வாக்கியத்தின் நடுவில் நிற்கும் வினை இங்கே தமிழைப் போலக் கடைசிக்கு வந்துவிட்டது. அங்கே பெயருக்கு முன்னால் வரும் 'பாரா', இங்கே 'ப' என்று குறுகி, நம் '-க்கு' போலப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டது. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்லும் அதே அமைப்பு அவர்களிடமும் உண்டு. வினைக்கு முன்னால் நின்று காலம் காட்டும் 'ஜா', 'த', 'லோ' மட்டும் தமிழைப் போலப் பின்னால் போகவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் தமிழும் பேசியபடியே இதைப் பேசியவர்களின் வாயில் நடந்த மாற்றம் இது. மட்டக்களப்பில் கள ஆய்வு செய்து இதை விரிவாக எழுதியவர் இயன் ஸ்மித். அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழு பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்தது. தமிழ் இலக்கணம் இன்னொரு மொழிக்குள் போய்க் குடியேறிய இந்த அதிசயம் நம் மொழியியல் துறைகளில் பாடமாக இருந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மொழியைத் தேய்த்தவை பல. பள்ளிக்கூடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. உள்நாட்டுப் போரும் வெளிநாட்டுக் குடிபெயர்வும் குடும்பங்களைச் சிதறடித்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி, பறங்கியர் நெருங்கி வாழ்ந்த டச்சு பார் கடற்கரையை அழித்தது. இன்று சரளமாகப் பேசுவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். இளையோருக்குக் கல்யாண வீட்டு காஃப்ரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும்தான் அதிகம் தெரியும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த கொச்சிப் போர்ச்சுகீசின் கதை நமக்கு இன்னும் பக்கம். வைப்பீனில் வில்லியம் ரொசாரியோ 2010இல் இறந்தபோது அதைச் சரளமாகப் பேசும் கடைசி மனிதரும் போனார். மட்டக்களப்பு அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. அங்குள்ள பறங்கிப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். ஆகவே பாட்டியின் மொழியின் வாக்கிய அமைப்பு அவர்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கற்க வேண்டியவை சொற்களும் அந்த மூன்று காலக் குறிகளும்தான். கற்றுத்தரப் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்.